கோத்தகிரியில் ஒரு நாலு கதவு டாட்ஜ் கிங்ஸ்வே: எதில் தொடங்கலாம்?

கட்டபெட்டு

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவில் எங்கள் பெரியப்பாவின் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதிலுள்ள பழைய கொட்டகையில் அவருடைய டாட்ஜ் கிங்ஸ்வே நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 1951 என்று இருக்கிறது. நாலு கதவு, ஆறு சிலிண்டர் பெட்ரோல், ஸ்டியரிங்கிலேயே ஹேண்ட் கியர். அவர் போன பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. இப்போது கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது, இரும்பு விலைக்குக் கேட்டு ஆளும் வந்து போய்விட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து பழைய கார் வாங்கும் இரண்டு பேரை வரச் சொன்னேன். இருவரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: இரண்டு கதவா, நாலு கதவா? நாலு என்றதும் ஆர்வம் போய்விட்டது. இம்பாலாவாக இருந்தால் பரவாயில்லை, கூரை திறக்கிற வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது, இது சாதாரண செடான், போட்ட காசு திரும்பாது என்றார்கள். எனக்கு விற்கிற எண்ணம் இல்லை. அம்மாவின் கல்யாணத்துக்கு ஊர்வலம் போன வண்டி அது, எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு நாள் அதன் பின் சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

நிலைமை இதுதான். எஞ்சின் சுற்றவில்லை. பிரேக் மிதித்தால் தரை வரை போகிறது. பின் சீட்டுக்கு முன்னால் தரைத் தகடு துருப்பிடித்து மண் தெரிகிறது. கண்ணாடி எல்லாம் முழுசாக இருக்கிறது. வயரிங்கை எலி தின்றுவிட்டது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் டீசல் எஞ்சின் போட்டுத் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் முதலில் பெயிண்ட் அடித்துவிடுங்கள், வீட்டில் வாய் அடங்கும் என்கிறார். எனக்கு வேண்டியது கண்காட்சி வண்டி இல்லை. ஊட்டிக்கும் குன்னூருக்கும் ஓட்டிப் போக வேண்டும். எதில் தொடங்கலாம்?

குன்னூர் ஹேண்ட்கியர்

தம்பி, முதலில் இரும்புக்காரரைத் திருப்பி அனுப்புங்கள்.

கிங்ஸ்வே என்பது உள்ளுக்குள் பிளிமத். அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி வெளிநாட்டு விற்பனைக்காக, தன் இன்னொரு காரான பிளிமத்தின் உடம்பில் டாட்ஜ் பெயரும் அலங்காரமும் வைத்துக் கொடுத்த வண்டி. இந்தியாவில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ மூன்றையும் பாகங்களைப் பூட்டி விற்றது. கிரைஸ்லர் தலைவராக இருந்த கே.டி. கெல்லர், தொப்பி போட்ட மனிதர் தொப்பியைக் கழற்றாமல் காருக்குள் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அதனால்தான் அந்த வருடக் கார்கள் உயரமாக, பெட்டி மாதிரி இருக்கும். அமெரிக்காவில் அப்போதே போட்டிக் கம்பெனிகளின் தாழ்ந்த, நீண்ட வண்டிகள் பக்கத்தில் இது அழகில்லை என்றார்கள், இன்றைக்கும் சேகரிப்பவர்கள் அதே காரணத்துக்காகத்தான் தாண்டிப் போகிறார்கள். ஆனால் தலைப்பாகை கட்டிய பெரியவரும் புடவை கட்டிய பாட்டியும் குனியாமல் ஏறி இறங்க இதைவிட நல்ல கார் அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

நாலு கதவு என்பதால் வேலை குறையாது, அதிகம்தான். நாலு கதவுக்கும் ரப்பர், நாலு கண்ணாடி இறக்கும் மெஷின், எட்டு கீல். விலை மட்டும் குறைவு. வியாபாரிக்கு அது நஷ்டம், வைத்துக்கொள்ளப் போகிற உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஒரு வேலை இன்றே செய்யுங்கள். எஞ்சினின் இடப்பக்கம், டைனமோவுக்கு மேலே, ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) கொஞ்சம் கீழே ஒரு தட்டையான இடத்தில் எஞ்சின் எண் குத்தியிருக்கும். சுரண்டாமல் துணியால் துடைத்துப் பாருங்கள். 1951, 52 அமெரிக்க பிளிமத் என்றால் பி 23 என்று தொடங்கும். அப்புறம் டேப் வைத்து ஹெட்டின் நீளத்தை அளந்து சொல்லுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் பட்டறை

பெயிண்ட் கடைசி. எஞ்சின்கூட இரண்டாவதுதான். மலையில் ஓடப் போகிற வண்டிக்கு முதலில் பிரேக்.

இந்த வண்டியில் லாக்ஹீட் பிரேக். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் பிரேக் ஷூவைத் தள்ளும் இரண்டு வீல் சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று, ஆக மொத்தம் ஆறு. முன்னால் இரண்டு ஷூவுமே சக்கரம் சுற்றும் திசையில் இழுபட்டுப் பிடிக்கும் அமைப்பு, அதனால் சரியாகச் செட் செய்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போகும். மாஸ்டர் சிலிண்டர் எங்கே என்று பானெட்டுக்குள் தேடாதீர்கள், டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கிறது, தரை விரிப்பை விலக்கினால் மூடி தெரியும். ஹோஸ் எல்லாம் புதிது, பைப் எல்லாம் புதிது, இதில் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்க வேண்டாம். சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தால் கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கித் தருவார்கள், பழைய உடம்பையே வைத்துக்கொள்ளலாம்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை. இடப்பக்கச் சக்கர போல்ட் எல்லாம் இடமரை, வலப்பக்கச் சக்கரத்தில் திருப்புகிற மாதிரியே திருப்பினால் இறுகும், கடைசியில் உடையும். பின் டிரம் ஆக்சிலின் கூம்பான முனையில் அறைந்து உட்கார்ந்திருக்கும், நல்ல கனமான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் வராது. சம்மட்டியால் ஆக்சில் முனையில் அடிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், உள்ளே பேரிங் போய்விடும். புல்லர் போடும்போது ஆக்சில் நட்டைக் கழற்றிவிடாமல் சில மரை விட்டு வையுங்கள், டிரம் விடுபடும்போது துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், கம்ப்ரசர் காற்று அடித்துத் தூசு கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஹேண்ட் பிரேக் விஷயம் மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வண்டியில் அது பின் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன், கியரிலும் விட்டிருக்கிறேன் என்று நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கி. கியர்பாக்ஸ் பின் சீலில் ஆயில் ஒழுகினால் அந்த டிரம் நனைந்து ஹேண்ட் பிரேக் வெறும் பெயருக்குத்தான், அந்த சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அரவேணு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பெட்ரோல் ஆறு சிலிண்டர் மேட்டில் எவ்வளவு குடிக்கும் என்று யோசித்தீர்களா? ஒரு காலத்தில் ஊரில் டாக்ஸியாக ஓடிய பெரிய அமெரிக்க வண்டிகள் பல டீசல் எஞ்சினுக்கு மாறித்தான் பிழைத்தன. ஓடாமல் நிற்பதைவிட டீசலில் ஓடுவது மேல் என்பது என் கருத்து. உதிரிப் பாகம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

குன்னூர் ஹேண்ட்கியர்

அரவேணு சொல்வதில் அன்றைக்கு நியாயம் இருந்தது, அந்த டீசல்கள் இல்லாவிட்டால் பல வண்டிகள் அப்போதே உடைக்கப்பட்டிருக்கும். ஆனால் இன்றைக்கு இந்த வண்டிக்கு அது வேண்டாம்.

முதல் காரணம் சட்டம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதியில் விண்டேஜ் வாகனத்துக்குத் தனிப் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அந்தப் பதிவு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள், தினமும் ஓட்டுவதென்றால் சாதாரணப் பதிவையே எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எந்த வழியானாலும் டீசல் போட்டுவிட்டால் விண்டேஜ் கதவு அடைபட்டுவிடும். கூடவே, ஆர்.சி. பெரியப்பா பெயரில் இருந்தால் வாரிசு மாற்றத்துக்குப் படிவம் 31, அதை இப்போதே ஆரம்பியுங்கள், எஞ்சின் வேலை முடிவதற்குள் காகித வேலை முடிந்தால் நல்லது.

இரண்டாவது காரணம், இந்த எஞ்சின் அப்படி ஒன்றும் அனாதை இல்லை. கிரைஸ்லரின் இந்த சைடு வால்வு ஆறு சிலிண்டர் பிளிமத் கார்களில் 1959 வரை வந்தது, டாட்ஜ் லாரிகளில் அதற்குப் பிறகும் ஓடியது. கேஸ்கெட், வால்வு, வாட்டர் பம்ப் எல்லாம் இன்றும் அமெரிக்காவில் புதிதாக விற்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வு சீட் கம்பெனியிலேயே கடினமான வளையம் வைத்து வந்தது, ஈயம் இல்லாத பெட்ரோலுக்குப் பயப்பட வேண்டாம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல்தான் பழைய ரப்பரைத் தின்னும். பம்ப் டயஃப்ரமும் ஹோஸும் அதற்குத் தாங்கும் ரகமாகப் போடுங்கள்.

சூடாகும் என்று மலையில் எல்லோரும் இந்த எஞ்சினைக் குறை சொல்வார்கள். வாட்டர் பம்பைக் கழற்றினால் பின்னால் பிளாக்குக்குள் ஒரு நீளமான தகடுக் குழாய் போகும், ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. வருடக்கணக்கில் துருப்பிடித்து அது உள்ளேயே கரைந்துவிடும். அப்போது முன் சிலிண்டர் குளிர்ந்திருக்கும், பின் இரண்டும் வெந்துகொண்டிருக்கும், மீட்டரில் ஒன்றும் தெரியாது. பலர் ரேடியேட்டரை மாற்றுவார்கள், ஃபேனை மாற்றுவார்கள், இதைத் தொடவே மாட்டார்கள். ரேடியேட்டரை இறக்கும்போதே அந்தக் குழாயை உருவிப் புதிது போடுங்கள், துண்டு துண்டாகத்தான் வரும், பொறுமை வேண்டும். பிளாக்கின் பக்கத்தில் வட்டமாக இருக்கும் தகர மூடிகளையும் எடுத்து உள்ளே படிந்த சேற்றைக் கம்பியால் கிளறி வெளியே எடுங்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தக் கால ரேடியேட்டருக்கு இன்றைய காரின் பிரஷர் மூடி போட்டால் தையல் விட்டுப் பிரியும், அதனால் நீர் ஓட்டம் சரியாக இருப்பது ஒன்றே வழி.

எஞ்சின் சுற்றவில்லை என்று இன்னொரு வண்டியில் கட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். பிளக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விடுங்கள். ஹெட்டை எடுத்தால் வால்வு எல்லாம் பிளாக்கிலேயே கண்ணுக்கு எதிரே இருக்கும், எது ஒட்டிக்கொண்டது என்று நின்றபடியே பார்க்கலாம்.

மேட்டுப்பாளையம் பட்டறை

தரைத் தகடு பற்றி ஒன்று. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ், அதனால் தரை ஓட்டையானதும் வண்டி முடிந்தது என்று அர்த்தமில்லை. ஆனால் நாலு கதவு வண்டியில் நடுத்தூண் நிற்பது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் மேல். அதை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதி, திறப்புகளுக்குள் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டு செய்து பூட்டுங்கள். ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே அடுத்த பக்கம். இதைச் செய்யாமல் வெட்டியதால் பின் கதவு என்றைக்கும் சேராமல் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பெயிண்டுக்கு உங்கள் ஊர் ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெறும் தகட்டில் பட்டி போட்டால் அடியில் துரு வேலை செய்யும். கொட்டகை வேலையை மலையிலேயே முடித்து, பெயிண்டை கீழே கோயம்புத்தூர் பக்கம் பூத்தில் மாசி, பங்குனியில் அடியுங்கள்.

வயரிங்: 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடம்போடு சேரும்). 12க்கு மாற்றச் சொல்வார்கள். தேவையில்லை. செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இன்றைய 12 வோல்ட் காரின் மெல்லிய பேட்டரி கேபிள்தான். விரல் தடிமனில் கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தைப் பளபளவென்று தேய்த்தால் சுற்றும். மூடுபனிக்கு ஹெட்லைட்டில் ரிலே வையுங்கள்.

கட்டபெட்டு

எல்லோருக்கும் நன்றி அண்ணா. வீட்டில் படித்துக் காட்டினேன், கொட்டகையை இப்போதைக்குத் தொடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹெட்டை அளந்தேன், 25 அங்குலம் வருகிறது. எண் துருவில் சரியாகத் தெரியவில்லை. இது நல்லதா கெட்டதா?

குன்னூர் ஹேண்ட்கியர்

நல்லதோ கெட்டதோ இல்லை, ஆர்டர் போடுமுன் தெரிய வேண்டியது. அமெரிக்க பிளிமத் ஹெட் 23 அங்குலச் சொச்சம். 25 என்றால் கனடா வகை நீள பிளாக், காமன்வெல்த் நாடுகளுக்கு கனடாவிலிருந்தும் நிறையப் போயிருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இரண்டிலும் 218 கியூபிக் இன்ச் எஞ்சின் உண்டு. அமெரிக்க 218க்கு போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 3¼ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4⅜. கனடா 218க்கு போர் 3⅜, ஸ்ட்ரோக் 4 1/16. வெறும் 218 என்று சொல்லி வாங்கினால் பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் மூன்றுமே தவறாக வரும். நீள பிளாக்கில் 218ஐவிடப் பெரிய எஞ்சின்களும் உண்டு, அதனால் ஹெட்டை எடுத்து போரும் ஸ்ட்ரோக்கும் அளக்கும் வரை எதையும் வாங்காதீர்கள். தண்ணீர்க் குழாயும் நீள பிளாக்குக்கு வேறு நீளம். அளவு எடுத்ததும் இங்கேயே எழுதுங்கள், எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அரவேணு

சரி, அந்த விண்டேஜ் விதி எனக்குத் தெரியாது, டீசல் யோசனையை விட்டுவிடுங்கள். என்னிடம் கனமான டிரம் புல்லர் இருக்கிறது, பழைய லாரிக்கு வாங்கியது. ஞாயிறு காலை கொண்டுவருகிறேன், சக்கரத்துக்கு வைக்கக் கட்டை மட்டும் நீங்கள் தயாராக வையுங்கள்.