விலைக்கு விற்கும் மென்பொருளில் ஏஜிபிஎல் நூலகம்: மூல நிரலைக் கொடுத்தாக வேண்டுமா?

கேள்வி – பேரணாம்பட்டிலிருந்து

வணக்கம். எங்கள் ஊர் டேனரி ஒன்றுக்காக, வெட் ப்ளூ, கிரஸ்ட், ஃபினிஷ் எனத் தோல் பதனிடும் ஒவ்வொரு நிலையிலும் எத்தனை தோல், எத்தனை சதுர அடி உள்ளது என்று கணக்கு வைத்து, ஜாப் ஒர்க் பில்லையும் அச்சிடும் ஜாவா மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பிறகு ஆம்பூரில் இருவருக்கும் அதை விற்றேன். இப்போது வாங்க முன்வந்துள்ள ராணிப்பேட்டை ஏற்றுமதியாளர் ஒருவர், உள்ளே இருக்கும் ஒவ்வொரு நூலகத்தின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பின்) உரிமத்தையும் எழுதித் தரச் சொல்கிறார். பார்கோடுக்கான ஸெட்எக்ஸிங் அப்பாச்சி 2.0 உரிமத்திலும், இயக்கப் பதிவுகளுக்கான எஸ்எல்எஃப்4ஜே எம்ஐடி உரிமத்திலும் உள்ளன. பிடிஎஃப் உருவாக்கும் ஐடெக்ஸ்ட் 5 மட்டும் ஏஜிபிஎல் (அஃபெரோ பொது உரிமம்) என்கிறது. இலவசமாகக் கிடைத்ததால் தடையில்லை என்று எண்ணிவிட்டேன். என் நிரல் முழுவதையும் இணையத்தில் வெளியிட வேண்டுமா?

மறுமொழி – காட்பாடியிலிருந்து

முதல் இரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் மென்பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்.

ஏஜிபிஎல் அப்படிப்பட்டதன்று. கட்டற்ற மென்பொருள் என்பதை நம்மில் பலர் இலவச மென்பொருள் என்றே புரிந்துகொள்கிறோம். விலைக்கு விற்பதை அந்த உரிமம் தடுப்பதே இல்லை. அது கேட்பது, அந்த நூலகத்தோடு பிணைந்த உங்கள் மென்பொருளை யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு முழு மூல நிரலும் அதே உரிமத்தில் கிடைக்க வேண்டும் என்பதையே. ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டியதில்லை. ஆனால் வாங்கியவர் அதைப் பிறருக்குக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. ஏஜிபிஎல்லுக்கு அடிப்படையான ஜிபிஎல் உரிமத்தில், மென்பொருளைக் கைமாற்றாமல் சொந்த சர்வரில் ஓட்டிப் பிறருக்குச் சேவை தந்தால் இந்தக் கடமை எழாது. 2007இல் வந்த ஏஜிபிஎல் 3 தன் 13ஆம் பிரிவில் அந்த வழியையும் அடைத்துவிட்டது.

நிரலைக் கொடுக்க மனமில்லையென்றால் ஐடெக்ஸ்டின் வணிக உரிமத்தை விலைக்கு வாங்கலாம். நானாக இருந்தால் நூலகத்தையே மாற்றிவிடுவேன். ஐடெக்ஸ்ட் ஏஜிபிஎல்லுக்கு மாறியது 5ஆம் பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து கிளைத்த ஓப்பன்பிடிஎஃப் எல்ஜிபிஎல், எம்பிஎல் என்னும் தளர்வான உரிமங்களில் கிடைக்கிறது. அதைத் தனி ஜார் கோப்பாகவே (ஜாவா நிரல்களைக் கட்டிவைக்கும் கோப்பு) வைத்திருங்கள்; அதற்குள் நீங்கள் திருத்தம் செய்தால் அந்தத் திருத்தத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ஏற்கெனவே விற்ற மூன்று பிரதிகளை என்ன செய்வது? மேலும், முதல் டேனரி முதலாளி, தாம் பணம் கொடுத்து எழுதச் சொன்னதால் நிரலே தம்முடையது என்கிறார்.

மறுமொழி – குடியாத்தத்திலிருந்து

மூன்றிடத்திலும் புதிய பதிப்பைப் போட்டுவிடுங்கள். மீறலை நிறுத்திய 60 நாட்களுக்குள் உரிமையாளரிடமிருந்து அறிவிப்பு வராவிட்டால், இழந்த உரிமை நிலையாகத் திரும்பும் என்று ஏஜிபிஎல் 3இன் 8ஆம் பிரிவு சொல்கிறது.

முதலாளி சொல்வது வேறு சிக்கல். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்து எழுதியிருந்தால் உரிமை அவருடையது. வெளியாளாக எழுதிக் கொடுத்திருந்தால், கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாதவரை அது உங்களுடையதே. பில்லுக்குப் பணம் கொடுத்ததனால் மட்டும் கைமாறாது. பேச்சோடு விடாமல், அவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று இப்போதாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

நான் வெளியாளாகத்தான் எழுதினேன், ஒப்பந்தம் ஏதுமில்லை. ஓப்பன்பிடிஎஃப்புக்கு மாற்றிவிட்டேன், நிரலில் நூலகத்தைக் குறிக்கும் பொதிப் பெயர்களைத் திருத்தியதிலேயே பெரும்பகுதி வேலை முடிந்தது. ராணிப்பேட்டைக்குப் பட்டியல் அனுப்பியாயிற்று. ஆம்பூருக்கு ஞாயிற்றுக்கிழமை செல்கிறேன்.