கடலில்லாத ஊர்ப் பிள்ளை பாய்மரப் படகு பழக முடியுமா?

கேள்வி (பொள்ளாச்சி): வணக்கமுங்க. பிரேசிலின் டோர்பன் கிராயெல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் 5 பதக்கம் வாங்கியவர். அவர் மகள் மார்ட்டினே அதே விளையாட்டில் ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம். நம்ம நாட்டுக்காக ஒலிம்பிக்கில் படகு ஓட்டின வேலூர் விஷ்ணு சரவணனுக்கும் அப்பா ராணுவத்தில் பாய்மரப் படகு ஓட்டினவர். அந்த மாதிரி வீட்டில் பிள்ளைக்கு என்னதான் கிடைக்குதுங்க? 11 வயசுப் பொண்ணுக்குக் கேக்கறேன். கிணத்துல நல்லா நீந்துவா.

பதில் 1: தண்ணிமேல இருக்கற நேரந்தானுங்க கிடைக்குது. ஆப்டிமிஸ்ட்டுன்னு 2.3 மீட்டர் படகு, 35 கிலோ. 15 வயசு வரைக்கும் அதுதான். படகோட்டி வீட்டுப் பிள்ளை அதுல ஏழெட்டு வயசுலயே ஏறிரும். ஆனா நேத்ரா குமணன் சென்னையில் கோடை முகாமில் தொடங்கி 2 ஒலிம்பிக் போனாங்க. நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்து தேவாஸ் பக்கத்து விவசாயி மகள். போபால் ஏரியில் பழகி, ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஐஎல்சிஏ 4-ங்கற ஒத்தையாள் படகுப் பிரிவில் வெள்ளி. ஏரி போதும். நமக்குச் சென்னையோ, ஹைதராபாத் உசேன் சாகர் ஏரியோ. சென்னைக்கு ரயிலேறிட்டா ஒரு ராத்திரி.

பதில் 2: ஏரிக்காத்து திசை மாறிட்டே இருக்கும், அதுவே நல்ல வாத்தியார். தண்ணி கருத்துச் சிலிர்த்து வந்தா வேகக்காத்து வருதுன்னு அர்த்தம். உடனே பாயை இழுத்துப் புடிக்கற மெயின்ஷீட் கயித்தைக் கொஞ்சம் விட்டு, உடம்பை வெளியே சாய்க்கோணும். புதுப் பிள்ளைக பயத்துல கயித்தை இறுக்கிப் புடிக்கும், படகு கவுந்துரும். கவுந்தா முதல்ல கயித்தை விடோணும், அப்புறம் அடியில நீட்டிட்டிருக்கற டேகர்போர்டு பலகைமேல எடையைப் போட்டு நிமித்தோணும். கயித்தை விடாம நிமித்துனா பாய்ல காத்தடைச்சு மறுபடியும் கவுந்துரும்.

கிணத்து நீச்சல் நல்லதுதானுங்க, ஆனா அது மட்டும் போதாது. லைஃப் ஜாக்கெட் போட்டுத் துணியோட நீந்திப் பழக்குங்க. பாய்க்கு அடியில மாட்டுனா, கையால பாயை மேல தூக்குனா மூச்சுவிட இடம் கிடைக்கும். பாய்த்துணியில ஒரு தையலைப் புடிச்சுட்டே ஓரத்துக்கு வந்தரலாம்.

பதில் 3: ஆப்டிமிஸ்ட்டுக்கு அப்புறம் நேரா ஐஎல்சிஏ 6-க்கு ஏத்தாதீங்க. அதன் பாய் 5.76 சதுர மீட்டர், எடை கம்மியான பிள்ளையால படகை நிமிர்த்திவைக்க முடியாது. ஐஎல்சிஏ 4 பாய் 4.7 தான். ரெண்டுக்கும் படகு ஒண்ணேதான், பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மட்டும் மாத்தினாப் போதும். பழைய படகு வாங்கறதா இருந்தா பாய்மரம் நிக்கற குழியைக் கைவிட்டுப் பாருங்க. மணல் உள்ள போய்த் தேய்ச்சிருந்தா அந்த இடத்துல தண்ணி ஒழுகும். குழியில தண்ணி ஊத்தி, மட்டம் இறங்குதான்னு பார்த்தாத் தெரிஞ்சுரும்.