காரில்லாமல் பிரெஞ்சு நாட்டுப்புறம்: வெர்டோனா, எரிமலையா?

குணா_லாகூர்நேவ்

எல்லாருக்கும் வணக்கம். பரிஸ் நகரத்துக்குப் பக்கத்திலை இருக்கிறம். நான், மனிசி, 13 வயசு மகள். ஓகஸ்ட் கடைசியிலை நாலு நாள் லீவு கிடைச்சிருக்கு. இவ்வளவு காலமும் வக்கான்ஸ் எண்டால் லண்டன், ஜெர்மனி எண்டு சொந்தக்காரர் வீடுதான். இந்த முறை மலையேறி, காட்டுக்கை நடக்கவேணும் எண்டு மகள் ஒரே பிடிவாதம். யூடியூப்பிலை தென்கிழக்கு பிரான்சிலை இருக்கிற வெர்டோன் பள்ளத்தாக்கைப் பாத்திட்டு அங்கைதான் போகவேணுமாம்.

என்னட்டைக் காரும் இல்லை, லைசென்சும் இல்லை. இப்பிடி வெர்டோன் சரிவருமோ? வழி தெரியாத இடத்திலை நடக்கிறது பயமில்லையோ? மனிசி மச்சம் மாமிசம் சாப்பிடாது, கிராமத்திலை என்ன கிடைக்கும்? போய்வந்த ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ.

தபால்காரி63

குணா தம்பி, வெர்டோன் வேணாம்னு சொல்லல. கார் இல்லாம, நாலே நாள்ல, அதுவும் ஆகஸ்ட்ல வேணாம்னு சொல்றேன். எங்க பக்கம் வாங்க. நான் புதுச்சேரிக்காரி, ரொம்ப வருஷமா நடு பிரான்ஸ்ல கிளெர்மோன்-ஃபெரான் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோறவ. லீவு நாள்லயும் இங்கதான் நடப்பேன், அதனால கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கோங்க.

பரிஸ் பெர்சி ஸ்டேஷன்ல ஏறினா மாறாம மூணரை மணி நேரத்துல கிளெர்மோன். ஊருக்கு மேற்கால வடக்கு தெற்கா முப்பது கிலோமீட்டருக்கு வரிசையா எரிமலைங்க நிக்குது, கிட்டத்தட்ட 80. எல்லாம் அடங்கிப்போய் புல்லும் காடும் மூடினது. 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. கோடையில கிளெர்மோன் ஸ்டேஷன்லேர்ந்து மலையடிக்கு நவெத் பஸ் ஓடும். கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து அட்டவணையைப் பார்த்துடுங்க.

பெரியது புய் த டோம், 1465 மீட்டர். செசா கணவாய்லேர்ந்து முலெத்தியே பாதைன்னு ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, ரோமானியர் காலத்துத் தடம். மகளுக்கு முக்கால் மணி, நமக்கு ஒரு மணி. மனைவிக்கு முட்டி வலின்னா பல்சக்கர ரயில் இருக்கு, 2012லேர்ந்து ஓடுது. உச்சிக்குப் போய் எரிமலை வாயைத் தேடாதீங்க, கிடையாது. கெட்டிக் களி அகப்பையிலேர்ந்து விழுந்து அப்படியே குவியுமே, அந்த மாதிரி லாவா ஓடாம வந்த இடத்துலயே குவிஞ்ச மலை அது. அதுக்குப் பதிலா மேல மெர்க்குரிங்கிற ரோமானிய தெய்வத்தோட கோயில் இடிபாடு இருக்கு. 1648ல விஞ்ஞானி பாஸ்கால் தன் அக்கா புருஷனை பாதரசக் குழாயோட இங்கதான் ஏத்திவிட்டார். மேல போகப் போகப் பாதரச மட்டம் இறங்கிச்சு, காத்துக்கு எடை உண்டுன்னு காட்டிட்டாங்க. பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைக்கு அந்த இடத்துலயே நின்னு இதைச் சொல்லுங்க.

எரிமலை வாய் பார்க்கணும்னா வடக்குப் பக்கம் ஆட்டுப் பாதையில இறங்கிப் பாரியூங்கிற பக்கத்து எரிமலைக்கு நடக்கணும். விளிம்பு வரைக்கும் மரப்படி, உள்ள பச்சைப் புல்லோட வட்டமான பெரிய கிண்ணம். வேலி போட்ட இடத்துல மட்டும் கால் வைக்காதீங்க. ஜனங்க மிதிச்சு மிதிச்சு சரிவு கரைஞ்சுபோனதாலதான் அந்தப் படியே போட்டாங்க. என்னைக் கேட்டா புய் த டோமை விட இதுதான் அழகு. உச்சியில இருக்கிற டிவி கோபுரத்தை நான் இன்னும் மன்னிக்கல.

தண்ணி கையில கொண்டுபோங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர். இந்த மலையில ஓடையே இருக்காது. பெய்யுற மழையை எரிமலைக் கல்லு அப்படியே குடிச்சுடுது, அது அடியில ஊறிப்போய் ஓரத்துலதான் வெளிய வருது. பாட்டில்ல வாங்குற வோல்விக் தண்ணி அப்படி வர்றதுதான். கிராமத்துல நடக்கும்போது தண்ணி தீர்ந்தா கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. பூச்செடிக்கு ஊத்த அங்க குழாய் வெச்சிருப்பாங்க. "நோன் போத்தாப்ள்"னு போர்டு இல்லையான்னு மட்டும் பாருங்க. அப்படி எழுதியிருந்தா குடிக்கக் கூடாது.

வழி தவறுமோன்னு பயப்பட வேணாம். மரத்துலயும் கல்லுலயும் வர்ணம் அடிச்சிருக்கும். மஞ்சக் கோடு ஒண்ணே ஒண்ணுன்னா சின்னச் சுத்துப்பாதை, கிளம்பின இடத்துக்கே பெரும்பாலும் திரும்பிடும். வெள்ளைக்குக் கீழ சிவப்புன்னா ஜே-எர், பல நாள் நடக்கிற நெடும்பாதை. பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகாதே. கொஞ்ச நேரமா குறியே கண்ணுல படலைன்னா கடைசியா பார்த்த குறிக்குத் திரும்புங்க, முன்னாடி போய்த் தேடாதீங்க. 1:25,000 அளவுல இ-ஜே-என் (பிரெஞ்சு அரசாங்க நில அளவை நிறுவனம்) வரைபடம் ஒண்ணு பையில இருக்கட்டும், காட்டுக்குள்ள போன் சிக்னல் போயிடும்.

சாப்பாடு. மதியம் 12லேர்ந்து 2 வரைக்கும்தான், ரெண்டரைக்குப் போய் நின்னா அடுப்பை அணைச்சிருப்பாங்க. த்ரூஃபாத் கேளுங்க, உருளைக்கிழங்கும் புதுச் சீஸும் சேர்த்து வதக்கினது. கூடவே பன்றித்தொடை வைப்பாங்க, "சான் ஷாம்போன்"னு, அதாவது அது இல்லாமன்னு, முதல்லயே சொல்லிடணும். ஞாயிறு மத்தியானத்துலேர்ந்து திங்கள் முழுக்க கிராமத்துக் கடையை நம்பாதீங்க.

நெடும்பாதை

தபால்காரி அக்கா சொல்வது சரி என்றாலும் வெர்டோனுக்காகவும் ஒருவர் பேசவேண்டுமே. 700 மீட்டர் வரை ஆழமுள்ள சுண்ணாம்புக்கல் பிளவு, அடியில் பச்சை ஆறு. அதற்கு ஈடாக எந்த எரிமலையையும் ஏற்கமாட்டேன்.

அங்கே பெயர்பெற்றது பிளான்-மார்த்தெல் பாதை. 1905இல் அந்த ஆற்றை ஆராய்ந்த மார்த்தெலின் பெயரும் உள்ளூர் ஆசிரியர் பிளானின் பெயரும் சேர்ந்தது. மாலின் விடுதியில் தொடங்கி புவான் சூப்ளிம் என்ற காட்சிமுனையில் முடியும், ஏறக்குறைய 15 கி.மீ., 6–7 மணி நேரம். நடுவில் ஆம்பேர் பிளவில் 252 இரும்புப் படிகள். கடைசியில் சுரங்கங்கள், அவற்றில் ஒன்று 600 மீட்டருக்கும் நீளம். பாதியில் கைவிட்ட நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்தவை, உள்ளே கும்மிருட்டு, தலைவிளக்கு கட்டாயம். ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஆசை வேண்டாம். மேலே அணைகள் இருக்கின்றன, நீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும்.

தொடக்கமும் முடிவும் வேறு வேறு இடம் என்பதால் பக்கத்து ஊரான காஸ்தெலானிலிருந்து வரும் கோடை நவெத் பஸ்ஸை நம்பித்தான் போகவேண்டும். மகளுக்கு உயரப் பயம் இல்லையென்றால் அடுத்த வருடம் ஜூனில் போய்வாருங்கள். ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பாறைச் சுவர் அனல் கக்கும்.

அக்காவுக்கும் எனக்கும் சண்டை தேவையில்லை. அத்திலாந்திக் கரையில் ருவாயானில் கிளம்பும் ஜே-எர் 4 உங்கள் எரிமலைகளைக் கடந்து, இதே பிளான்-மார்த்தெல் வழியாகத்தான் தென்கிழக்கே கிராஸ் என்ற ஊருக்குப் போகிறது.

குணா_லாகூர்நேவ்

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். பாரியூவுக்கு ஓம் எண்டிட்டாள், ஆனால் வெர்டோனை அடுத்த வருசத்துக்கு எழுத்திலை கேக்கிறாள்! அக்கா, மனிசிக்கு நாய் எண்டால் சரியான பயம். மாடு, வேட்டைக்காரர் எல்லாம் எப்பிடி?

தபால்காரி63

நாயைப் பத்தி தபால்காரிகிட்ட கேட்டீங்களே! வீட்டு நாய் குரைச்சுட்டு நின்னுடும். கவனிக்க வேண்டியது ஆட்டுமந்தையோட இருக்கிற பெரிய வெள்ளை நாய், பத்தூன்னு சொல்வாங்க. மந்தைக்குள்ளேயே வளர்ந்து மந்தையைக் காக்கிறது. ஓடாதீங்க, குச்சியை ஓங்காதீங்க, ஆட்டுக்குட்டியைப் போட்டோ எடுக்கக் கிட்டப் போகாதீங்க. அது வந்து மோந்து பார்க்கும்போது அசையாம நின்னு, பிறகு மந்தையைப் பெருசா சுத்திக்கிட்டுப் போங்க. கன்னு போட்ட மாட்டுக்கும் இதே மரியாதைதான். மேய்ச்சல் நிலத்துல கேட்டைத் திறந்தா மறுபடி மூடிட்டுப் போகணும்.

வேட்டை பெரும்பாலும் செப்டம்பர்ல தொடங்கி பிப்ரவரி கடைசி வரைக்கும். ஆகஸ்ட்ல உங்களுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை, ஆனா வழியில வேட்டைப் பலகை பார்த்தா வேற பாதை எடுங்க. இதையெல்லாம் விட உண்ணிதான் நிஜமான தொல்லை. புதர்ப் பக்கம் நடந்தா நீளக் காலுறை போடுங்க, ராத்திரி முட்டிக்குப் பின்னால, இடுப்புல தடவிப் பாருங்க. பிடுங்குற கொக்கி மருந்துக்கடையில கிடைக்கும். அவசரம்னா 112.

உச்சியில காத்து அடிக்கும், ஆகஸ்ட்னாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. கடைசி நவெத் எத்தனை மணிக்குன்னு போகும்போதே டிரைவர்கிட்ட கேட்டுடுங்க. பலகையில இருக்கிற நேரம் போன வருஷத்துதா கூட இருக்கும்.