அம்மாவின் பி.எஃப் பணத்தில் தங்கையைப் படிக்க வைக்கலாமா?

முக்கூடல் தம்பி:
அம்மா இருபது வருஷத்துக்கு மேலாகப் பீடி சுற்றுகிறார். தங்கைக்குக் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. பி.எஃப் பணத்தை எடுத்துக் கட்டிவிடு என்கிறார் அம்மா. எடுக்கலாமா, கல்விக்கடன் வாங்கலாமா?

பேட்டை அண்ணாச்சி:
எடுத்துக் கட்டுங்கள் தம்பி. சொந்தப் பணம் இருக்கும்போது பேங்க் வாசலில் ஏன் நிற்க வேண்டும்? முன்பு 7 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் படிப்புக்குத் தருவார்கள், அதுவும் தொழிலாளி பங்கில் பாதிதான். 2025 அக்டோபரில் ஒரு வருஷ சர்வீஸ் போதும், படிப்புக்கு 10 தடவை வரை எடுக்கலாம் என்று பி.எஃப் நிதியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவே முடிவெடுத்தது. இந்த மாதிரி நேரத்துக்குத்தானே அது?

பாளை வாத்தியார்:
அண்ணாச்சி, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பீடித் தொழிலில் பி.எஃப் பிடித்தமே 10 சதவீதம்தான், மற்ற இடங்களில் 12. இத்தனை வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். அதை வழித்து எடுத்துவிட்டால் அந்த அம்மாவுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பென்ஷன்தான். குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் வைத்த 1,000 ரூபாய். அதில் அரிசி வாங்குவாரா, மாத்திரை வாங்குவாரா?
கல்விக்கடனில் 4 லட்சம் வரை ஈடு கிடையாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால், தொழிற்படிப்புக்கு அதுவரையிலான வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டமும் இருக்கிறது. கல்லூரிக்கு நாக் அல்லது என்.பி.ஏ என்ற தர அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள் தம்பி.

பேட்டை அண்ணாச்சி:
வேலை கிடைக்காவிட்டால்? எங்கள் தெருவில் இன்ஜினியரிங் முடித்த பையன் ஜவுளிக்கடையில் நிற்கிறான். வீட்டுக்கு நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வருகிறது. பி.எஃப் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பாளை வாத்தியார்:
நோட்டீஸ் வராது, சரி. அந்த நஷ்டம் சத்தமில்லாமல் அம்மா தலையில் விழும். அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

மேலப்பாளையம் அக்கா:
நானும் பீடி சுற்றுகிறவள்தான். தட்டை மடியில் வைத்துக் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. இலை வெட்டும்போது கத்தரி முனை கண்ணுக்குத் தெரிவதில்லை. பி.எஃப் வந்தால்தான் இந்தத் தட்டைக் கீழே வைக்க முடியும். பிள்ளை படிப்புக்கு என்றால் எந்த அம்மா எடுக்காதே என்பாள்? அதனால் அவர் சொல்கிறார் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள் தம்பி. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை உண்டு, இன்ஜினியரிங்குக்கு வருஷம் 25,000 ரூபாய். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா?

பேட்டை அண்ணாச்சி:
தாயி, உதவித்தொகை கைக்கு வர மாசக் கணக்காகும். கல்லூரிக்காரன் ஃபீஸை இப்போதே கேட்பானே. முதல் தவணைக்காவது எடுக்கத்தான் வேண்டும்.

முக்கூடல் தம்பி:
அட்டை இருக்கிறது அக்கா. ஆனால் ஆதாரில் உள்ள பெயருக்கும் பி.எஃப் கணக்கில் உள்ள பெயருக்கும் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. எடுப்பதென்றாலும் அதைத் திருத்தாமல் முடியாது. திங்கட்கிழமை அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வித்யாலட்சுமி தளத்தில் கடனுக்கும் போடுகிறேன். அண்ணாச்சி சொன்ன முதல் தவணைக்கு நான் மாதாமாதம் கட்டும் சீட்டுப் பணத்தை எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.