கனெக்டிங் ராட் போல்ட்: டார்க்கா, ஆங்கிளா, நீட்சியா?

(இன்ஜின் கட்டுகிறவர்களின் உரையாடல். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இருப்பது பேசுகிறவரின் புனைப்பெயர்.)

நாலு சிலிண்டர்:
நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், முழுசாகப் பிரித்துக் கட்டும் வேலை. கான்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்) பழசு, போல்ட் எட்டும் புதுசு: எம்9, மரை இடைவெளி 1 மி.மீ., கிரேடு 10.9, இரண்டு முனையிலும் சின்னக் குழி இருக்கிறது. நீளும் பகுதி சுமார் 40 மி.மீ. போல்ட்டோடு வந்த தாளில் "0.14 மி.மீ. நீட்சி, அல்லது இன்ஜின் ஆயில் போட்டு 49 என்.எம்." என்று இருக்கிறது (என்.எம். என்பது நியூட்டன் மீட்டர், முறுக்கின், அதாவது டார்க்கின் அளவு). இன்ஜின் மேனுவலில் 30 என்.எம். வைத்துவிட்டு 90 டிகிரி திருப்பச் சொல்கிறது.

எதைப் பின்பற்றுவது? வைஸில் வைத்து 49 என்.எம். கொடுத்துப் பார்த்ததில் ஏழு போல்ட் 0.13 முதல் 0.14 வரை நீண்டது. ஒன்று மட்டும் 0.11-லேயே நிற்கிறது. அதை இன்னும் இழுக்கலாமா?

பிக் எண்ட்:
முதலில் ஒன்று: மேனுவலின் 30 + 90-ஐ இந்தப் போல்ட்டுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது கம்பெனி போல்ட்டுக்குப் போட்ட கணக்கு.

இடைவெளி 1 மி.மீ. என்றால் 90 டிகிரியில் போல்ட் 0.25 மி.மீ. முன்னேறும். அதில் கால்வாசி ராடும் கேப்பும் (ராடின் கீழ் வளையத்தில் கழற்றக்கூடிய பாதி) அமுங்குவதில் போனாலும் 0.19 மிச்சம். முதலில் கொடுத்த 30 என்.எம்.மிலேயே ஏறக்குறைய 0.085 நீண்டிருக்கும். ஆக 0.27-ஐத் தாண்டிவிடும். 10.9 கிரேடின் ஈல்ட் 940 மெகாபாஸ்கல், 40 மி.மீ. நீளத்துக்கு அது 0.18 மி.மீ. நீட்சியிலேயே வந்துவிடும். அதற்கு மேல் போனால் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது.

இனி டார்க்கா நீட்சியா என்பது. போல்ட் கேப்பைப் பிடித்து வைத்திருப்பது அது இழுபட்டு நிற்பதால்தான். டார்க் ரெஞ்ச் அந்த இழுப்பைக் காட்டாது, திருப்ப எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும் காட்டும். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பாதி தலைக்கு அடியில் உராய்வுக்குப் போகிறது, 40 சதவீதம் மரையில் போகிறது, மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்துதான் அடி வாங்கும்.

உங்கள் போல்ட்டையே எடுங்கள். மரையின் இழுவிசைப் பரப்பு 51 சதுர மி.மீ. ஈல்டில் 75 சதவீதம் வரை இழுத்தால் சுமார் 36 கிலோ நியூட்டன் பிடிப்பு. அதே பிடிப்புக்கு உலர்ந்த மரையில் ஏறக்குறைய 65 என்.எம். வேண்டும். ஆயில் போட்டால் 49, மோலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த வழுக்கும் பசை) போட்டால் 39. தாளில் ஆயிலுக்குச் சொன்ன 49-ஐ மோலி போட்டுக் கொடுத்தால் இழுப்பு மட்டுமே 890 மெகாபாஸ்கலுக்கு ஏறும். திருகும்போது வரும் முறுக்கு அழுத்தமும் சேர்ந்தால் ஈல்ட் தாண்டிவிடும். உலர்ந்த மரையில் அதே 49 கொடுத்தால் 27 கிலோ நியூட்டன்தான் கிடைக்கும். ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிளிக் அடிக்கும்.

இரண்டில் குறைந்த பிடிப்பை நிறையப் பேர் ஆபத்தாக நினைப்பதில்லை. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் மேலே நின்று திரும்பும்போது அதன் மொத்த நிறையும் கேப்பைப் பிய்த்து எடுக்கப் பார்க்கும். சிலிண்டருக்குள் எதிர்த்துத் தள்ள அழுத்தமும் இருக்காது. பிடிப்பு அந்த விசையைவிட அதிகமாக இருக்கும்வரை போல்ட்டுக்கு அந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம்தான் தெரியும். குறைந்துவிட்டால் கேப் திறந்து திறந்து மூடும், ஒவ்வொரு சுற்றிலும் முழு விசையும் போல்ட்டில் விழும், கடைசியில் களைப்பில் உடையும்.

இரண்டு முனையையும் தொட முடிகிற போல்ட் கையில் இருக்கும்போது நீட்சியை அளப்பதுதான் சரி. டார்க்கைக் கூடவே எழுதி வையுங்கள், அது துணைச் சாட்சி.

மரையாணி:
மேலே சொன்னது சரி. ஆனால் ஆங்கிள் முறை மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி போல்ட்டையே திரும்பப் போடுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. ஆரம்ப டார்க் சிறியது, அதில் உராய்வால் வரும் பிழையும் சிறியது. அதற்குப் பிறகு நீட்சியை மரையின் இடைவெளியும் கோணமும்தான் முடிவு செய்கின்றன. ஈல்டைத் தொடும்படி வடிவமைத்த போல்ட்டில் இன்னொரு லாபம்: அந்த இடத்தில் விசை கிட்டத்தட்டச் சமமாக ஓடுவதால் 5 டிகிரி முன்பின் ஆனாலும் பிடிப்பு பெரிதாக மாறாது. விலை என்னவென்றால், அந்தப் போல்ட் பெரும்பாலும் ஒருமுறைக்குத்தான். திரும்பப் போடலாம் என்றால் மேனுவலில் நீளத்துக்கோ இடுப்பு விட்டத்துக்கோ எல்லை இருக்கும். அளந்து பார்த்துப் போடவும். கோணத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் ஆங்கிள் கேஜ் வையுங்கள், குறைந்தது தலையில் பெயின்ட் கோடாவது போடுங்கள்.

கேள்வியில் வராத ஒன்று இதைவிட முக்கியம். போல்ட்டை மாற்றினால் பிடிப்பு மாறும், பிடிப்பு மாறினால் பிக் எண்ட் (ராடின் கிராங்க் பக்க முனை) துளையின் வட்டம் மாறும். புது போல்ட்டை 0.14 நீட்சிக்கு வைத்து, ஷெல் (பேரிங் தகடு) இல்லாமல், துளை அளக்கும் போர் கேஜால் மூன்று திசையில் அளக்கவும். மேனுவல் எல்லைக்கு வெளியே போனால் ஹோன் செய்ய (துளையை நுணுக்கமாகத் தேய்த்து வட்டமாக்க) வேண்டும். ஹோன் செய்யும் இடத்திலும் இதே போல்ட், இதே ஆயில், இதே நீட்சி என்று சொல்லி அனுப்புங்கள். அங்கே வேறு டார்க்கில் கட்டி வட்டமாக்கினால் இங்கே அது வட்டமாக இருக்காது. ஒரே துண்டாகச் செய்து உடைத்துப் பிரித்த கேப் உள்ள ராடில் கேப்பை அரைத்துச் சின்னதாக்கித் திரும்ப வட்டமாக்கும் வழி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டயல் கேஜ்:
0.11-ல் நிற்கும் போல்ட்டை அப்படியே இழுக்க வேண்டாம். கழற்றி, மரையையும் தலையின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். தலை உட்காரும் இடத்தில் பிசிறு இருந்தாலோ, தலைக்குக் கீழே உள்ள வளைவு துளையின் ஓரத்தில் இடித்தாலோ அந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். மரை உரசிப் பிய்ந்திருந்தால் விரல் நகத்தில் தட்டும். அப்படி இருந்தால் போல்ட்டை ஒதுக்குங்கள், ராடின் மரையையும் சோதியுங்கள். சுத்தமாக இருந்தால் ஆயில் போட்டு மறுபடி டைட் செய்யுங்கள். புது போல்ட்டில் முதல் சில தடவை உராய்வு மாறிக்கொண்டே இருக்கும், நாலைந்து தடவையில் நிலைக்கு வரும். அதன் பிறகும் மற்ற ஏழைவிட நிறைய டார்க் கேட்டால் அது போடக்கூடாத போல்ட்.

எதிர்ப்பக்கமும் கவனியுங்கள்: டார்க் ஏறாமல் நீட்சி மட்டும் ஏறினால் ஈல்ட் ஆகிறது, உடனே நிறுத்துங்கள்.

அளக்கும் முறை: ஒவ்வொரு போல்ட்டுக்கும் நம்பர் கொடுத்து, தளர்ந்த நீளத்தை எழுதுங்கள். குழியில் அழுக்கோ ஆயிலோ இருந்தால் அளவு பொய்யாகும், துடைத்துவிடுங்கள். போல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அளக்காதீர்கள், 50 மி.மீ. போல்ட் 10 டிகிரி சூடேறினால் 0.006 மி.மீ. நீளும், 0.14-ல் அது 4 சதவீதம். ராடின் உடம்பைப் பிடித்து முறுக்காமல் பிக் எண்டை வைஸில் மெத்தை வைத்துப் பிடியுங்கள். 20, 35 என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஏற்றி, கடைசியில் நீட்சி காட்டும் கேஜைப் பார்த்து மெதுவாக ஒரே இழுப்பில் முடியுங்கள். தளர்த்தியதும் நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள். ஆரம்ப நீளத்தைவிட 0.025 மி.மீ. கூடியிருந்தால் அந்தப் போல்ட்டைப் போட வேண்டாம்.

நாலு சிலிண்டர்:
பிசிறு இருந்தது, எடுத்ததும் 0.14 வந்துவிட்டது. கிராங்க் பிளாக்கில் இருக்கும்போது கேஜ் உள்ளே போகவில்லை. போல்ட்டின் கீழ் முனை மறைகிறது. அங்கே என்ன செய்வது?

டயல் கேஜ்:
வெளியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வைஸில் ஒவ்வொரு போல்ட்டும் அதன் சொந்த துளையில் 0.14-க்கு வர எத்தனை என்.எம். கேட்கிறது என்று எழுதுங்கள். ஒன்று 47, இன்னொன்று 51 என்று வரும். உள்ளே அதே போல்ட்டை அதே துளையில், அதே ஆயில் போட்டு, அதே ரெஞ்சில் அந்த எண்ணுக்கே கட்டுங்கள். ஷெல்லின் முதுகு உலர்ந்திருக்கட்டும், ஆயில் உள்பக்கம் மட்டும். ஒவ்வொரு ராடையும் முடித்ததும் கிராங்கை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எட்டையும் கட்டிவிட்டுப் பார்த்தால் எது பிடிக்கிறது என்று தெரியாது. முடித்த போல்ட்டில் "சரியாக இருக்கிறதா" என்று ரெஞ்சை மறுபடி வைக்காதீர்கள். நின்ற போல்ட்டின் உராய்வு அதிகம் என்பதால் தளர்ந்த போல்ட்டும் கிளிக் கொடுக்கும். சந்தேகம் வந்தால் தளர்த்தி, ஆயில் போட்டு, ஆரம்பத்திலிருந்து கட்டுங்கள்.