கோடை ராத்திரியில் பாஸ் மீன்: மேலே அடிக்கிறது, முள்ளில் ஏறமாட்டேன் என்கிறது

கரையோரம் கேட்டது:

வணக்கம். ஏரியில் மேல்தண்ணீர் பகலில் 31 டிகிரியைத் தொடுகிறது. இரவு பத்து மணிக்கும் 28க்குக் கீழே வரவில்லை. பகலில் லார்ஜ்மவுத் பாஸ் எதையும் சீண்டுவதில்லை என்பதால் இரவுக்கு மாறியிருக்கிறேன்.

ஏரியின் அமைப்பு: அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பாசி மண்டிய குடா. எதிர்ப்பக்கம் கல்லும் சரளையுமாக ஒரு முனை தண்ணீருக்குள் நீள்கிறது. அதன் விளிம்பு 2 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குச் சட்டென்று இறங்கும். இரண்டு படகுத்துறைகளில் இரவு முழுக்க விளக்கு எரியும். கையில் இருப்பது 14 அடி அலுமினியப் படகு, மின்மோட்டார், சாதாரண சோனார் (ஒலியலையால் ஆழம் காட்டும் கருவி), 7 அடி மீடியம் ஹெவி தூண்டில் கம்பு, பெய்ட்காஸ்டர் ரீல் (எறியும்போது ஸ்பூலே சுழலும் வகை), 14 பவுண்டு மோனோ (ஒற்றையிழை நைலான்) நரம்பு.

குடாவில் பாப்பர் (மேல்தண்ணீரில் சத்தமிடும் மிதவை இரை) போட்டால் சளப்பென்று அடி விழுகிறது, சுண்டினால் வெறும் முள்தான் வருகிறது. பிளாஸ்டிக் புழு போட்டால் கொத்தியதா, கல்லில் உரசியதா என்று இருட்டில் தெரியவில்லை. விடிவதற்கு முன்னால்தான் தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று குடாவிலேயே காத்திருந்தாலும் அந்நேரம் அங்கே அசைவே இல்லை. பௌர்ணமி நல்லதா, அமாவாசை நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

நீர்மட்டம்:

கடைசியில் சொன்ன குடா விஷயத்தை முதலில் எடுக்கிறேன். இடம் தப்பினால் மற்றதெல்லாம் வீண்.

விடியலுக்கு முன் தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்பது சரிதான். ஆனால் பாசி மண்டிய குடாவில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதும் அதே நேரத்தில்தான். பகல் வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும் செடிகள் இரவில் தாமே அதைச் சுவாசிக்கின்றன. அடியில் மக்கும் இலைதழையும் தன் பங்குக்கு இழுத்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்கச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. போதாததற்குச் சூடான தண்ணீரில் தொடக்க இருப்பே கம்மி: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். பாஸுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சௌகரியம். 3 பக்கம் இறங்கினால் இரையை மறந்து இடத்தைக் காலி செய்யும்.

அதனால் குடாவை இருட்டிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாசிக்குள் வேண்டாம், பாசி முடிந்து ஆழம் தொடங்கும் வெளிவிளிம்பு போதும். நள்ளிரவுக்குப் பிறகு கல்முனைக்குப் போங்கள். விடியும் நேரத்தில் காற்று மோதும் கரைதான் சிறந்தது. அலை அடிக்கும் இடத்தில் தண்ணீர் கலங்கிக் காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த முனை உங்கள் ஏரியின் பொக்கிஷம். கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) பகலில் கல்லிடுக்கில் பதுங்கி, இருட்டிய பின் வெளியே வந்து மேயும். பகலில் 5, 6 மீட்டரில் சும்மா கிடக்கும் பாஸ் அதே சரிவில் மேலேறி 2, 3 மீட்டரில் அவற்றைத் தேடும். ஏரியைச் சுற்றிப் பத்து இடம் மாற்றுவதைவிட, பகலில் மீன் தங்கும் ஆழத்தை ஒட்டிய மேட்டில் நிற்பதுதான் வேலை செய்யும்.

அதற்கு முன்னால் தெர்மோக்ளைன் எங்கே என்று பாருங்கள். கோடையில் மேலே சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவில் வெப்பம் சரசரவென்று இறங்கும் ஒரு பட்டை என்று ஏரி பிரிந்து நிற்கும். கீழடுக்கு மேலே வந்து காற்றோடு கலப்பதில்லை என்பதால், கோடை ஏற ஏற அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். சோனாரில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் அந்தப் பட்டை குறுக்கே ஓடும் மங்கலான கோடாகத் தெரியும். கூட்டியும் தெரியாவிட்டால் கயிற்றில் வெப்பமானியைக் கட்டி மீட்டருக்கு மீட்டர் இறக்குங்கள். ஒரு மீட்டருக்கு 1 டிகிரி அல்லது அதற்கு மேல் விழத் தொடங்கும் இடம் அதுதான். 5 மீட்டரில் பட்டை இருந்தால் அதற்குக் கீழே இரை போடுவது வெட்டி வேலை. உங்கள் முனையில் 2 முதல் 5 மீட்டர் வரைதான் ஆட்டம்.

இதையெல்லாம் பகலிலேயே செய்து ஜிபிஎஸ்ஸில் குறித்துவிடுங்கள். படகு போய்வரும் தடத்தையும் பகலிலேயே பதிவு செய்து, இரவில் அதே தடத்தில் மெதுவாகப் போங்கள்.

கறுப்புஜிக்:

நீர்மட்டம் இடத்தைச் சொல்லிட்டார், நான் இரைக்கு வரேன்.

பாப்பர்ல அடி விழுந்தும் முள் ஏறாததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, பாப்பர் நின்னு நின்னு போகுது. ராத்திரியில பாஸ் இரையைக் கண்ணால மட்டும் பிடிக்கிறதில்ல. உடம்புப் பக்கக்கோட்டுல தண்ணி அதிர்வை வாங்கி, இரை இப்ப எங்க இருக்கு, அடுத்து எங்க இருக்கும்னு கணிச்சுத்தான் பாயுது. நீங்க நிறுத்துற ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கு தப்பிப்போகுது. அதனால ஒரே வேகத்துல போற இரை வேணும். மேல்தண்ணிக்கு ஜிட்டர்பக் இல்லாட்டி பஸ்பெய்ட் (மேல்தண்ணில தகடு சுழன்று சலசலக்கிற இரை). முன்னாடி தகடு உள்ள ஜிட்டர்பக் 'பளக் பளக்'னு ஒரே தாளத்துல வரணும், அந்தத் தாளம் கெடாத அளவுக்கு மெதுவாச் சுத்துங்க. இடையில நிறுத்தவே நிறுத்தாதீங்க.

ரெண்டாவது காரணம் உங்க கை. சத்தம் கேட்டதும் சுண்டுறீங்க. சத்தம்கிறது மீன் பாய்ஞ்சதுக்கு அடையாளம், வாயில வாங்கினதுக்கு இல்ல. கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டுல பிடிச்சு, அடி விழுந்தாலும் அதே வேகத்துல சுத்திக்கிட்டே இருங்க. கம்புல பாரம் தெரிஞ்சதும் பக்கவாட்டுல இழுங்க. மேல நோக்கிச் சுண்டினா தப்பின இரை மூணு முள்ளோட முகத்துக்கு நேரா பறந்து வரும். இருட்டுல இதுதான் பெரிய ஆபத்து. கண்ணாடி போடாம மேல்தண்ணி இரையைத் தொடாதீங்க. நிறமில்லாத சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போதும்.

நிறம்: கறுப்பு. ஜிக்னா (தலையில ஈயம் வார்த்த முள்) கறுப்பும் நீலமும். மீன் கீழேருந்து வானத்தைப் பாக்குது, வானம் எவ்வளவு இருட்டுனாலும் தண்ணியைவிட வெளிச்சம்தான். அதுக்கு எதிர்ல அடர்த்தியா நிழல் காட்டுறது கறுப்பு.

கல்முனைக்கு என் முதல் தேர்வு ஸ்பின்னர்பெய்ட், அதாவது கம்பியில சுழலும் தகடு (பிளேடு) மாட்டின இரை. 14 கிராம், ஒத்தைக் கொலராடோ பிளேடு, 6ஆம் நம்பர், முள்ளைச் சுத்திக் கறுப்பு ரப்பர் இழைப் பாவாடை, பின்னாடி முள்ளுல கோக்கிற தடிமனான கறுப்பு பிளாஸ்டிக் வால் (ட்ரெய்லர்). இலை மாதிரி நீளமான வில்லோ பிளேடு பகலுக்கு, அது மினுக்கும். கொலராடோ வட்டமா, குழிவா இருக்கிறதால தண்ணியைத் தள்ளித் துடிக்கும், ராத்திரிக்கு அந்தத் துடிப்புதான் வேணும். படகை ஆழத்துல நிறுத்தி மேட்டுப் பக்கம் எறிங்க. தரை தொடுற வரைக்கும் விட்டு, பிளேடு துடிக்கிறது கையில தெரியிற அளவுக்கு மட்டும் சுத்தி, சரிவுலயே உருட்டிக் கொண்டாங்க. துடிப்பு நின்னா ஒண்ணு பாசி, இல்லாட்டி மீன். ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான்: இழுத்துப் பாருங்க. ரீல் 7:1 வேகம்னா (கைப்பிடி ஒரு சுத்துக்கு ஸ்பூல் ஏழு சுத்து) கை தன்னால அவசரப்படும், 5.4:1 மாதிரி மெதுவான ரீல் இருந்தா அதை எடுங்க.

அடுத்து புழு. கல்லா மீனான்னு தெரியாததுக்கு மோனோவோட இழுவையும் ஒரு காரணம், லேசான ஈயமும் ஒரு காரணம். 25 சென்டிமீட்டர் ரிப்பன் வால் புழு, 5/0 ஆஃப்செட் முள், 10 கிராம் புல்லட் ஈயம், ஈயத்துக்கு முன்னாடி ரப்பர் ஸ்டாப்பர். ஸ்டாப்பர் இல்லன்னா ஈயம் கல்லிடுக்குல தனியாப் போய், புழு வேற எங்கயோ மிதக்கும். நரம்பை 15 பவுண்டு ஃபுளூரோகார்பனா மாத்துங்க. ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவுல நரம்பை ஆள்காட்டி விரல் மேல ஓட விடுங்க. கல் உரசினா 'கரகர'ன்னு வரும், இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். மீன் எடுத்தா ஒரே ஒரு 'டக்', அப்புறம் மெத்துன்னு ஒரு பாரம், சில நேரம் பாரமே இல்லாமப் போயிடும். பாரம் காணாமப் போனா மீன் உங்க பக்கம் நீந்துதுன்னு அர்த்தம். உடனே தொய்வைச் சுத்தி எடுத்துட்டு அடிங்க.

பெய்ட்காஸ்டர்ல இருட்டுல சிக்கு விழுந்தா அரை மணி நேரம் போச்சு. பிரேக்கைப் பகலைவிட ரெண்டு படி கூட்டி வைங்க. 20 மீட்டருக்கு மேல எறிய வேண்டியதே இல்ல, இருட்டுல மீன் படகுக்குப் பயப்படுறது குறைவு. 30 மீட்டர் நரம்பை வெளிய இழுத்துட்டு ஸ்பூல்ல ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டினா, எவ்வளவு மோசமான சிக்கும் அதுக்குக் கீழே இறங்காது.

மூன்றாம்பிறை:

கறுப்புஜிக் சொன்னதில் ஒரு விதிவிலக்கு: படகுத்துறை விளக்கு. அங்கே வெளிச்சம் இருப்பதால் கறுப்புக்குச் சாதகம் இல்லை. வெள்ளை அல்லது கண்ணாடி நிற சிறு மீன் வடிவ இரை போடுங்கள். விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குப் பொடிமீன், பொடிமீனுக்குப் பாஸ். ஆனால் பெரிய பாஸ் வெளிச்சத்தின் நடுவில் நிற்காது. வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டுக்கு வெளியே, இருட்டுப் பக்கம் தலை மறைத்து நிற்கும். 15 மீட்டர் தள்ளிப் படகை நிறுத்தி, வெளிச்சத்தைத் தாண்டி எறிந்து, அந்தக் கோட்டை ஒட்டியே கொண்டுவாருங்கள். ஒரு துறையில் முதல் சில எறிதல்களுக்குத்தான் மதிப்பு. ஒரு மீன் எடுத்ததும் அடுத்த துறைக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வரலாம்.

நிலவு பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாதீர்கள் என்பேன். நிலவு வெளிச்சத்தில் மேல்தண்ணீர் இரையும் கொஞ்சம் கூடுதல் வேகமும் எடுபடும். மரநிழல் விழும் கரையைத் தேடுங்கள். அமாவாசையில் எல்லாவற்றையும் மெதுவாக்கி, அதிர்வைக் கூட்டுங்கள். இரண்டிலும் மீன் கிடைக்கும். புதிதாக இருட்டில் இறங்குபவருக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் நல்லது, அதுவும் கரையும் கையும் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக.

புழுவுக்கு இன்னொரு வழி, புற ஊதா விளக்கு. 12 வோல்ட் எல்இடி பட்டையைப் படகின் ஓரத்தில் ஒட்டி, ஒளிரும் நீல மோனோ நரம்பைப் பயன்படுத்தினால், நரம்பு கயிறு போலத் தெரியும். கையில் படுவதற்கு முன்பே நரம்பு துள்ளுவதையும் நகர்வதையும் பார்த்துவிடலாம். சாதாரண ஃபுளூரோகார்பன் இதில் ஒளிராது. ஆக, விரலா கண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கம்புக்கு நான் கண்ணைத்தான் சொல்வேன்.

கறுப்புஜிக்:

நான் விரல் கட்சிதான். புற ஊதா விளக்குக்கு வர்ற பூச்சி மூக்கு வாயெல்லாம் ஏறும். காத்து அடிக்கிற ராத்திரியில நரம்பு வில்லா வளைஞ்சு, எது மீன் எது காத்துன்னே தெரியாது. காத்து இல்லாத ராத்திரின்னா மூன்றாம்பிறை சொல்றதுல நியாயம் இருக்கு.

கரையோரம்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இந்தச் சூட்டில் பிடித்த மீனைத் திரும்ப விட்டால் பிழைக்குமா? கல்முனையில் ஜிக் சிக்கிக்கொண்டால் இருட்டில் எப்படி எடுப்பது?

ஈரக்கை:

பிழைக்கும், நீங்கள் தாமதிக்காவிட்டால். 28 டிகிரிக்கு மேல் மீனின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரிலோ இருப்பு குறைவு. மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டாமல் மீனைச் சீக்கிரம் படகருகே கொண்டுவாருங்கள். ரப்பர் வலை, நனைத்த கை, நீண்ட மூக்குக் குறடு. முள்ளைத் தண்ணீரிலேயே கழற்றப் பாருங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் தாடை மூட்டு கெடும், வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை கொடுங்கள். படம் எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்த பிறகே மீனைத் தூக்குங்கள்.

மீன் தொட்டியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பம்ப் நிற்காமல் ஓடட்டும். தொட்டித் தண்ணீரை ஏரித் தண்ணீரைவிட 3 டிகிரிக்கு மேல் குளிர்விக்காதீர்கள், திடீர் மாற்றமும் மீனைத் தாக்கும். 75 லிட்டரை 3 டிகிரி இறக்க 2 கிலோ பனிக்கட்டி போதும். குழாய்த் தண்ணீரில் உறைந்ததென்றால் மூடிய பாட்டிலுக்குள்ளேயே இருக்கட்டும், குளோரின் கலக்கக் கூடாது.

இரவில் மீன்பிடிக்க அனுமதி உண்டா, பாஸைத் திரும்ப விடலாமா என்று ஏரியின் விதியை முதலில் பாருங்கள். எல்லா ஊரிலும் ஒரே விதி இல்லை. ஜப்பானின் பிவா ஏரியில், பாஸ் வெளியிலிருந்து வந்து உள்ளூர் மீன்களை அழிப்பதால், பிடித்ததைத் திரும்ப விடவே 2003 முதல் தடை.

சிக்கிய ஜிக்கை நேராக இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். நரம்பைத் தளர்த்தி, கம்பு நுனியைச் சின்னச் சின்னதாக உதறுங்கள்; ஜிக்கின் எடையே அதைப் பின்னால் உதிர்க்கும். வராவிட்டால் மின்மோட்டாரில் ஜிக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போய், எறிந்த திசையிலேயே இழுங்கள். இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு கடைசி ஒரு மீட்டர் நரம்பை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு பாலோமர் முடிச்சைப் புதிதாகப் போடுங்கள், ஈரப்படுத்தி இறுக்குங்கள். முடிச்சு போடத் தலைவிளக்கின் சிவப்பு ஒளி போதும். வெள்ளையைப் போட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

உயிர்காப்பு உடுப்பு இருக்கைக்கு அடியில் அல்ல, உடம்பில். படகு நகரும்போது முன்னால் சிவப்பு, பச்சை, பின்னால் உயரமான கம்பத்தில் வெள்ளை எரிய வேண்டும்; நங்கூரமிட்டால் வெள்ளை மட்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கோடையில் இடி கேட்டால் அப்போதே கரையேறுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். படகின் தளத்தில் இரண்டு கம்புக்கு மேல் வேண்டாம். மீதியை முள் மூடியோடு ஒரே ஓரத்தில் கட்டிவையுங்கள்.