தலைக்கு மேலான சேர்விஸில் பந்து வலுவாகப் போக என்ன செய்யலாம்?

மாலைப்பந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பு கோட்டையில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றுகிறேன், வயது 27. பாடசாலைக் காலத்தில் கீழ்க்கையால் மட்டுமே சேர்விஸ் போட்டுப் பழகிய நான், இவ்வாண்டு எங்கள் அலுவலகப் பெண்கள் கரப்பந்தாட்ட அணியில் சேர்ந்த பின்னர்தான் தலைக்கு மேலான சேர்விஸைப் பழகத் தொடங்கினேன். மூன்று மாதமாகக் கிழமைக்கு இரண்டு மாலை பயிற்சி செய்தும், பத்துப் பந்தில் நான்கைந்து வலையிலேயே விழுகின்றன. தாண்டுபவையும், எதிரணியினர் நின்ற இடத்தை விட்டு அசையாமல் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு மெதுவாகவே போகின்றன. வேகம் வேண்டுமென்று கையை ஓங்கி அடித்தால் பந்து உயரே எழும்பிக் குறுகி விழுகிறது. மறுநாள் வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. எங்களைப் பயிற்றுவிப்பவர், கைக்குப் பலம் போதாது, உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். 1991இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட ஆட்டம் இது. இதில் 9 மீற்றருக்கு அப்பால் உள்ள 2.24 மீற்றர் வலையைத் தாண்டுவதற்கே பளு தூக்க வேண்டுமா? குறை கையில்தானா, வேறெங்காவதா?

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

தங்கச்சி, ஓங்கி அடித்தால் உயரே எழும்பிக் குறுகி விழுகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே நோயைச் சொல்லிவிடுகிறது. பந்தை நீங்கள் தலைக்கு நேரேயோ சற்றுப் பின்னாலோ தூக்கிப் போடுகிறீர்கள். அப்படிப் போட்டால் முதுகை வளைத்து, முழங்கையை இறக்கி, பந்தின் அடிப்பாகத்தைத்தான் அடிக்க முடியும். எவ்வளவு பலசாலி அடித்தாலும் அந்தப் பந்து மேலேதான் போகும்.

இதை வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். இடது காலை முன்வைத்து நில்லுங்கள். சேர்விஸ் போடுவது போலவே இடது கையால் பந்தைத் தூக்கிப் போடுங்கள், ஆனால் அடிக்காமல் அது விழட்டும். விழும் இடம் இடது பாதத்துக்கு ஏறத்தாழ ஓரடி முன்னால், வலது தோளுக்கு நேராக இருக்க வேண்டும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இருபது முறை போட்டதில் குறைந்தது பதினைந்து முறையேனும் வட்டத்துக்குள் விழாதவரை கையை ஓங்குவதில் பயனில்லை. நான் பழக்கும் பிள்ளைகள் முதற்கிழமை முழுவதும் இதைத்தான் செய்வார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்வார்கள், அது வேறு கதை. உயரமும் அளவோடு இருக்கட்டும்: நீட்டிய கைக்கு மேல் ஒன்றரை அடி போதும். தென்னைமர உயரத்துக்கு எறிந்துவிட்டு அது இறங்கி வரும்வரை காத்திருந்தால் உடம்பின் ஓட்டம் அறுந்துவிடும்.

இனி வலுவைப் பற்றி. மாமரத்தின் உச்சிக் கிளையில் தொங்கும் காய்க்குக் கல்லெறிந்திருப்பீர்கள். அப்போது கை கடைசியாகத்தான் வரும். பின்காலில் இருந்த பாரம் முன்காலுக்கு மாறி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, அதன் பிறகே முழங்கை முன்னே வந்து கை விரிகிறது. சேர்விஸுக்கும் அதே வரிசைதான். பந்து இடது கையை விட்டு எழும்போதே வலது முழங்கை தோளுக்குச் சற்று மேலாகப் பின்னால் போய்விட வேண்டும். அடிக்கும்போது கை முழுதாக நீண்டிருக்க, பந்து முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். படுவது விரல்களில் அன்று, உள்ளங்கையின் அடிப்பாகத்தில். மணிக்கட்டு மடங்காமல் பலகை போல் இறுகியிருக்க, பந்தின் நடுவை அடிக்க வேண்டும். சரியாகப் பட்டால் "டப்" என்று கனமான ஓசை வரும். கன்னத்தில் அறைந்தது போல் ஓசை வந்தால் விரல்கள் பட்டுவிட்டன என்று பொருள், உங்கள் வலுவில் பாதி அங்கேயே போயிற்று.

எல்லைக்கோட்டிலிருந்து தொடங்காதீர்கள். வலைக்கு 6 மீற்றரில் நின்று, பத்தில் எட்டுப் பந்து தாழ்வாகத் தாண்டிப் போன பின்னரே ஓர் அடி பின்வாங்குங்கள். இப்படி நாளொன்றுக்கு நூறு பந்து அடியுங்கள்.

காற்றடிப்பவன் எழுதியது:

பந்தைப் பார்த்தீர்களா? எங்கள் அலுவலகப் பந்துக்குத் துவிச்சக்கரவண்டி திருத்தும் கடையில்தான் காற்றடிப்பார்கள். அது கல்லாக வரும், அல்லது இரண்டு நாளில் சொத்தையாகிவிடும். விதிப்படி எடை 260 முதல் 280 கிராம், உள்ளழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம். காற்றுக் குறைந்த பந்து அடியின் வலுவைக் குடித்துவிடும். எல்லைக்கோட்டையும் நாடாவால் அளந்து பாருங்கள். எங்கள் மைதானத்தில் அது 9 மீற்றர் 60 சென்ரிமீற்றரில் இருந்ததை நாங்கள் இரண்டு ஆண்டுகளாக அறியவில்லை.

தோள்மூட்டு எழுதியது:

கொட்டாஞ்சேனைக்காரன் அண்ணா சொன்ன நுட்பம் முழுவதையும் ஏற்கிறேன். நாளுக்கு நூறு பந்து என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் இயன்மருத்துவத் துறையில் பணியாற்றுபவள். ஏற்கெனவே தோளின் முன்பக்கம் வலிக்கும் ஒருவர், முழங்கை இறங்கிய பழைய பழக்கத்தோடு நூறு முறை அடித்தால், கற்பது வலியாகத்தான் இருக்கும். ஒரு மாலைக்கு முப்பது முழு அடிகளோடு நிறுத்துங்கள். பந்தைத் தூக்கிப் போடும் பயிற்சியை எத்தனை முறையும் செய்யலாம், அதில் தோளுக்குப் பாரமில்லை.

அடித்த பின்னர் வேகமாக முன்னே வரும் கையைப் பிடித்து நிறுத்துபவை தோளின் பின்பக்கத் தசைகள். அவற்றை வலுப்படுத்த இரும்பு தேவையில்லை: ஓர் இழுவைப் பட்டியைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்னங்கையை வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்து மெதுவாகவே விடுங்கள், பதினைந்து முறை, இரண்டு சுற்று. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமலோ, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமலோ வலித்தால், சேர்விஸை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

சரி, முப்பது. தோள்வலி என்று அவர் எழுதியிருந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

மாலைப்பந்து எழுதியது:

இரண்டு கிழமைகளுக்குப் பின் எழுதுகிறேன். முதல் நாள் வட்டத்துக்குள் விழுந்தவை இருபதில் மூன்று மட்டுமே. பெரும்பாலானவை என் தலைக்குப் பின்னால் விழுந்தன, பார்க்கவே வெட்கமாக இருந்தது. இப்போது எட்டு மீற்றரிலிருந்து பத்தில் ஏழு தாண்டுகின்றன, தோள்வலியும் குறைந்திருக்கிறது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று: எங்கள் மைதானம் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு அண்மையில் இருப்பதால், கடலுக்கு முதுகு காட்டி நின்று அடிக்கும்போது அதே அடி எல்லைக்கு வெளியே போகிறது, பக்கம் மாறினால் வலையில் விழுகிறது.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

அது நல்ல சிக்கல், தங்கச்சி. பந்து இப்போது சுழலாமல் போகத் தொடங்கியிருக்கக்கூடும். சுழலாத பந்தின் பின்புறத்தில் காற்று ஒழுங்கின்றிப் பிரிவதால்தான் அது ஆடி ஆடிப் போய் எடுப்பவரைக் குழப்புகிறது. எதிர்க்காற்றில் அந்த ஆட்டம் கூடும், தூரம் குறையும்; ஆகவே கடலைப் பார்த்து நிற்கும்போது வலைக்கு மேல் இரண்டடி உயரத்தைக் குறிவைத்துத் தயங்காமல் அடியுங்கள். காற்று முதுகில் இருக்கும்போது எல்லைக்கோட்டிலிருந்து இன்னும் இரண்டு மூன்று அடி பின்னால் நின்று, தாழ்வாக அடியுங்கள். பின்னால் எவ்வளவு இடமிருந்தாலும் விதி தடுக்காது. ஊதல் ஒலித்த பின் 8 விநாடி உங்களுக்கு உண்டு. அதில் இரண்டு விநாடியை, காற்று எந்தப் பக்கம் வலையை அசைக்கிறது என்று பார்க்கச் செலவிடுங்கள்.